ஜொகூருக்குப் போன கடிதத்தில் ஒன்றரைக் கிலோ

1. போன்

ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் சென்டர் போன் அடித்தது. ஜொகூர் பாருவில் உள்ள ஒரு டயாலிசிஸ் சென்டரில் இருந்து கவிதா என்ற நர்ஸ் பேசினார். எங்கள் நோயாளி பாக்கியம் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஊசி குத்தக் கையை நீட்ட மாட்டேன் என்கிறார் என்றார்.

"டிரை வெயிட் தப்பா எழுதியிருக்குனு சொல்றாங்க மிஸ்ஸி. உங்க லெட்டர்ல ஐம்பத்து நாலரை. அவங்க ஐம்பத்தாறுனு சொல்றாங்க. எதைப் பாக்கறது?"

மலேசியாவில் கோலசிலாங்கூர் டவுனில் கடைவீட்டு வரிசையில் இருந்த அந்தச் சென்டரில் நான் பதினான்கு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை செய்தேன். நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் அனுபவம் கேட்பதுண்டு. இந்தப் போனைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். அதற்கு, இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும்.

2. பாக்கியம் பயணம் கேட்டது

பாக்கியத்துக்கு அப்போது ஐம்பது வயது. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாற்றங்கால் வேலை செய்தவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் இரண்டும் போய், ஆறு வருஷமாக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நாலு மணி நேரம். கணவர் முனியாண்டி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மனைவியை இறக்கிவிட்டுப் போய், திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஆறு வருஷத்தில் அவர்கள் போன தூரப் பயணம் பத்துமலை மட்டும்தான். காலையில் போய் மாலையில் திரும்பினார்கள்.

ஒரு வியாழக்கிழமை மெஷினில் இருக்கும்போதே பாக்கியம் கேட்டார்.

"மிஸ்ஸி, தரணிக்கு ஏழு மாசம் ஆவுது. ஜொகூர்ல வளைகாப்பு வெக்கிறாங்க, ஞாயித்துக்கெழம. நான் போவ முடியுமா?"

தரணி அவருடைய ஒரே மகள். கல்யாணம் செய்து ஜொகூர் பாருவில் இருந்தாள்.

"சனிக்கிழம டயாலிசிஸ விட முடியாது பாக்கியம்."

"விட வேணாம் மிஸ்ஸி. அங்க செய்ய முடியாதா? போன்ல பாத்தேன், ஊர் மாறிப் போறவங்களுக்கு அங்கயும் செய்வாங்களாம்லா."

முடியும். சரியாக ஏற்பாடு செய்தால் சிறுநீரக நோயாளி எங்கேயும் போகலாம். ஆனால் பலர் கேட்பதே இல்லை. நாங்களும் வலிய எடுத்துச் சொன்னதில்லை. ஒரு பயணத்துக்கு நர்ஸ் செய்ய வேண்டிய வேலை அரை நாள் பிடிக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

ஜொகூரில் மூன்று சென்டர்களுக்குப் போன் செய்தேன். ஒன்றில் சனிக்கிழமை இடம் கிடைத்தது. ஹெப்பாடைடிஸ் ரத்தப் பரிசோதனை புதிதாக வேண்டும் என்றார்கள், எடுத்தோம். மருந்துப் பட்டியல், கடைசி மூன்று சிகிச்சைச் சார்ட், டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் தயார் செய்ய வேண்டியிருந்தது.

பாக்கியம் தன் பங்குக்குத் தயாரானார். இன்சுலின் வைக்கச் சின்ன ஐஸ் பெட்டி வாங்கினார். அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு. ஒரு போத்தலில் நாலு கோடு போட்டு, நெடுஞ்சாலையில் எந்த ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் எந்தக் கோடு வரை குடிப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தார். முனியாண்டி வீட்டுக் காரான பழைய சாகா காடியைச் சர்வீசுக்கு விட்டார்.

3. கடிதம்

இங்கே டிரை வெயிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். அதை மெஷின்தான் எடுக்க வேண்டும். தங்கியதை எல்லாம் எடுத்த பிறகு உடம்பு எத்தனை கிலோ இருக்க வேண்டுமோ அதுதான் டிரை வெயிட். நோயாளி வந்ததும் எடை பார்ப்போம். அதில் டிரை வெயிட்டைக் கழித்தால் அன்று எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று தெரியும். அந்த எண் நிஜத்தைவிடக் குறைவாக இருந்தால், ரத்தத்தில் இருக்க வேண்டிய தண்ணீரையும் மெஷின் உறிஞ்சிவிடும். பிரஷர் விழும். ஆள் போகவும் வாய்ப்பு உண்டு.

பாக்கியத்துக்கு வருஷ ஆரம்பத்தில் உடம்பு சரியில்லாமல் போய் எடை குறைந்தது. அப்போது டிரை வெயிட்டை 54.5 ஆகக் குறைத்தோம். பிறகு நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார், சதை பிடித்தது. டாக்டர் அதை 56 ஆக உயர்த்தினார். சார்ட்டில் அதை எழுதியது நான்தான். என் கையெழுத்துதான் அதில் இருக்கிறது.

கடிதத்தைப் புதிதாகத் தட்டவில்லை. பாக்கியம் முன்பு ஆஸ்பத்திரியில் படுத்தபோது அனுப்பிய கடிதம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறந்தேன். தேதியை மாற்றினேன், சென்டர் பெயரை மாற்றினேன், மருந்துப் பட்டியலில் இரண்டு வரி மாற்றினேன். அதில் இருந்த பழைய 54.5ஐ மாற்றவில்லை. டாக்டர் பத்துப் பன்னிரண்டு பேப்பரோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். நான் கவரில் போட்டு ஒட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின வியாழக்கிழமை கவரைக் கொடுத்தபோது பாக்கியம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்னா எழுதியிருக்கு மிஸ்ஸி? நான் பாக்கலாமா?"

"அது நர்ஸுங்களுக்கு உள்ளது பாக்கியம். உனக்குப் புரியாது. அப்படியே கொண்டு போய்க் கொடு."

"சரி மிஸ்ஸி" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார்.

4. நான் சொன்ன பதில்

பத்தரை மணி எங்களுக்கு ஷிப்ட் மாறும் நேரம். காலை ஆட்களைக் கழற்றி, ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, மெஷினைச் சுத்தம் செய்து, அடுத்த ஆட்களை ஏற்ற வேண்டும். கவிதா பேசும்போது என் ஒரு கையில் கையுறை இருந்தது. வாசலில் நாலு பேர் எடை பார்க்க நின்றார்கள்.

நோயாளிகள் எடையைப் பற்றி வாதாடுவது எங்களுக்குப் புதிது இல்லை. தண்ணீர் அதிகம் எடுத்தால் கால் கொரக்களி பிடிக்கும், அதற்குப் பயந்து எடுப்பதைக் குறைக்கச் சொல்வார்கள். தராசு தப்பு என்பார்கள், சட்டை கனம் என்பார்கள். பாக்கியமும் அப்படிச் சொன்னவர்தான். அதற்கு முந்தின வாரம்கூட, "இவ்ளோ தண்ணி நான் குடிக்கலலா மிஸ்ஸி" என்று என்னோடு மல்லுக்கு நின்றார்.

"அவங்க எப்பவும் அப்படித்தான், தண்ணி எடுக்கறதக் கொறைக்கச் சொல்வாங்க" என்றேன். "டாக்டர் சைன் வெச்ச லெட்டர். லெட்டர்ல உள்ளதப் பாருங்க."

"அவங்க கையில ஒரு நோட்டுப்புக் வெச்சிருக்காங்க மிஸ்ஸி. ஒவ்வொரு தடவையும் எடை எழுதியிருக்காங்க."

"நோட்டுப்புக்கப் பாத்தா நாம வேலை செய்றோம்? ராணி மிஸ்ஸி சொன்னாங்கனு சொல்லுங்க, கேட்பாங்க."

போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு மணிக்குமேல் கொஞ்சம் ஓய்ந்தது. மாத ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்திருந்தன. அவற்றை ஒவ்வொருவர் பைலிலும் சேர்த்துக்கொண்டே வந்தபோது பாக்கியத்தின் பைல் கையில் வந்தது. திறந்ததும் முதல் பக்கத்தில் 56 என்று இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து.

ஜொகூருக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது தடவை கவிதாவே எடுத்தார். நான் பேசுவதற்கு முன்பே அவர் பேசினார்.

"மிஸ்ஸி, உங்க பேஷண்ட் இப்பதான் மயங்கிட்டாங்க. பிரஷர் 78. தலைய எறக்கி சலைன் குடுத்துக்கிட்டு இருக்கோம்."

"தண்ணி எடுக்கறத நிப்பாட்டுங்க. லெட்டர் தப்பு. ஐம்பத்தாறுதான் சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கவிதா மெஷின் பக்கம் திரும்பி ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "நிப்பாட்டியாச்சு மிஸ்ஸி" என்று வைத்துவிட்டார்.

பாக்கியம் அன்று 58.2 கிலோவில் போயிருந்தார். எடுக்க வேண்டியது இரண்டு லிட்டரும் சொச்சமும். என் கடிதப்படி மூன்றே முக்கால் லிட்டருக்கு மெஷினை வைத்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிஷம் கழித்துப் பிரஷர் 110க்கு வந்துவிட்டது என்று கவிதா செய்தி அனுப்பினார். அந்த இருபது நிமிஷமும் நான் என்ன வேலை செய்தேன் என்பது ஞாபகம் இல்லை. அந்த நேரத்து மற்ற நோயாளிகளின் சார்ட்டில் என் எழுத்து இருந்தது, அதனால் ஏதோ செய்திருக்கிறேன்.

5. செவ்வாய்க்கிழமை

மேனேஜரிடம் திங்கட்கிழமை காலையே சொன்னேன். சம்பவ அறிக்கை எழுதப் போகிறேன் என்றேன்.

"பேஷண்ட் நல்லா இருக்காங்கள்ல?" என்றார் அவர். "அவங்க ஒண்ணும் கம்ப்ளேன் பண்ணல. அப்பறம் ஏன் நீங்களா எழுதிப் பெரிசாக்கறீங்க?"

எழுதினேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் பைலில் இன்னும் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை முனியாண்டி காடியை நிறுத்திவிட்டு உள்ளேயே வந்தார். வழக்கமாக வாசலோடு போய்விடுபவர். நான் இருவரையும் எடை பார்க்கும் இடத்தில் நிற்க வைத்து நடந்ததைச் சொன்னேன். பழைய கடிதத்தை மாற்றியது, எடையை விட்டது, போன் வந்தபோது பைலைப் பார்க்காமல் பதில் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

முனியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கண்ணாடி வழியா பாத்தேன் மிஸ்ஸி. கண்ணு மேல போயிடுச்சு. செத்துட்டானு நெனச்சேன். மவளுக்கு எப்படிச் சொல்றதுனு நின்னேன்."

அவர் லோரி எடுக்கப் போய்விட்டார்.

பாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஊசி குத்தினேன். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, வளைகாப்பு எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"நல்லா நடந்துச்சு. என்னால நிக்க முடியல, நாக்காலி போட்டு ஒக்கார வெச்சாங்க. ஒக்காந்துக்கிட்டே மவளுக்கு வளையல் போட்டேன். சம்மந்தியம்மா எனக்கும் போட வந்தாங்க. எடது கையில போடக்கூடாது, ஊசி குத்தறதுக்கு வெச்ச ரத்தக் கொழா இருக்குனு சொன்னேன். அவங்களுக்குப் புரியல. கையைப் புடிச்சு தொட்டுப் பாக்கச் சொன்னேன், உள்ள ஓடுறது தெரியும்ல. பயந்துட்டாங்க." சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன். "ஐம்பத்தாறுனு உனக்கு நல்லாத் தெரியும். நோட்டுப்புக்கும் கையில இருந்துச்சு. அப்பறம் ஏன் கையை நீட்டுன?"

பாக்கியம் என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீட்டலயே மிஸ்ஸி. அரை மணி நேரம் சண்ட போட்டேன். அப்பறம் அந்தப் பொண்ணு வந்து, ராணி மிஸ்ஸிகிட்ட கேட்டாச்சு, லெட்டர்தான் சரினு சொன்னாங்கனு சொல்லிச்சு. ஆறு வருசமா நீங்கதான பாக்கறீங்க. நீங்க சொன்னா நான்தான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

6. அதற்குப் பிறகு

அந்த மாதத்தில் இருந்து எங்கள் சென்டரில் பயணக் கடிதம் கவரில் ஒட்டிப் போகவில்லை. நோயாளி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்தோம். எடை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு, மருந்து, ஒவ்வாமை எல்லாம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டோம். அவர்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டாக்டருக்குப் போனது. முதல் வருஷத்திலேயே இரண்டு தவறுகளை நோயாளிகள் பிடித்துக் கொடுத்தார்கள்.

பேரன் பிறந்தபோது பாக்கியம் மறுபடி ஜொகூர் போனார். ஒரு வாரம் தங்கி மூன்று தடவை அங்கே டயாலிசிஸ் செய்துகொண்டார். எங்கள் சென்டரில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பினாங்கு போனார், ஒருவர் தம்பி கல்யாணத்துக்கு ஈப்போ போனார். எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

இளைய நர்ஸ்களுக்கு நான் சொல்வது பெரிய விஷயம் இல்லை. நோயாளி தன் உடம்பைப் பற்றி ஓர் எண் சொன்னால், அது தப்பாகவும் இருக்கலாம். அது தப்பா சரியா என்று சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, பைல். அன்று பாக்கியத்தின் பைல் இருந்த அலமாரி, நான் போன் பேசிய இடத்தில் இருந்து எட்டடி தூரம். நான் நடக்கவில்லை.