பிப்ரவரியில் பிறந்த ஜோசையா

யூனிஸ் பிளம்லி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கனெக்டிகட் ஆற்றோரத்துப் பொத்தான் ஆலையில் முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். ஆயிரம் பொத்தானில் ஓட்டை பிசகிய ஒன்றை விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கவனத்தைக் குடும்பச் சரித்திரத்தில் வைத்தாள். முந்நூறு வருடம் முன்பு கப்பலேறி வந்து அந்த ஊரில் முதல் வேலி போட்ட கிடியன் பிளம்லிதான் வம்சத்தின் வேர்.

"எங்க அக்கா எழுதினா ஒரு புள்ளி பிசகாது" என்று தம்பி வாரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவளும் மறுத்ததில்லை.

போன ஆகஸ்டில் பிளம்லிகள் எல்லாரும் கூடியபோது எழுந்து நின்று வாசித்தாள். ஊர்ப் பதிவேட்டின்படி கிடியனுக்குக் கல்யாணம் 1690 மே பத்து. மூத்தவன் ஜோசையா பிறந்தது 1690 பிப்ரவரி பன்னிரண்டு.

"கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தியே தொட்டில் ஆடியிருக்கு! கிடியன் புள்ளைதானான்னு யாருக்குத் தெரியும்?"

கொல்லென்று சிரித்தார்கள். அவளும் வாரனும் இளைய மகன் வழி. ஜோசையா வழியில் மிச்சமிருந்த பங்காளி அண்ணன் லைமன் மட்டும் சிரிக்கவில்லை. கொண்டுவந்த பீன்ஸ் சட்டியைக்கூட எடுக்காமல் மனைவி கோராவோடு கிளம்பிவிட்டார். ஜனவரியில் இறந்துபோனார். குடும்பக் கல்லறையில் இடம் இருந்தும், ஆற்றுக்கு அக்கரையில் புதைக்கச் சொல்லியிருந்தார்.

இந்த ஜூலையில் வேறொரு பெயரைத் தேடி அதே பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு குழந்தை பிறந்தது 1690 மார்ச் இருபத்துமூன்று. அடுத்த வரியில் மார்ச் இருபத்தாறு; மூன்றே நாளில் வருடம் 1691. அதே மை, அதே கையெழுத்து. விரல் அங்கேயே நின்றது. அந்தக் காலத்தில் வருடம் பிறந்தது ஜனவரியில் அல்ல, மார்ச் இருபத்தைந்தில். அப்படியானால் 1690 என்று எழுதியிருந்த ஜோசையாவின் பிப்ரவரி, மே மாதத்துக்கு அப்புறம் வந்த பிப்ரவரி; இன்றைய கணக்கில் 1691. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது மாதம், இரண்டு நாள்.

வாரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"விடுக்கா, யாரு போய்ப் பாக்கப் போறாங்க?" என்றான் வாரன்.

"நான் பாத்துட்டேனேடா."

ஒரு வருடமாகத் தன் அலமாரியில் இருந்த சட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கோரா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள். "தப்பு என்னோடது அண்ணி."

கோரா சட்டியை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"சாகிறதுக்கு முந்தின வாரம்கூடச் சொன்னாரு. 'யூனிஸ் தப்புப் பண்ண மாட்டா கோரா, அப்போ அது நெசந்தான்'னு."

கோரா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆகஸ்ட்ல வர்றேன். அன்னிக்கு நின்ன எடத்துலயே நின்னு படி. சிரிச்சவங்க ஒருத்தர் விடாம இருக்கணும்."

ஆகஸ்டில் அப்படியே நின்று படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. வாரன் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோரா எழுந்து அதே சட்டியிலிருந்து எல்லாருக்கும் பீன்ஸ் பரிமாறினாள். யூனிஸ் தட்டை நீட்டவில்லை. கோராவும் கேட்கவில்லை.