சம்பளத்துக்குச் சவப்பெட்டி

உரால் மலையடிவாரத்து ஊரில், மரத்தொழிற்சாலையில், யெஃபீம் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பெஞ்சு செய்தான். அரசாங்கம் கேட்டது, செய்தான். பிறகு அரசாங்கமே கவிழ்ந்து, தொழிற்சாலை ஒரு முதலாளி கைக்குப் போனது. அவர் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெஞ்சு வாங்க ஆளில்லை, சவப்பெட்டிக்குத்தான் கிராக்கி என்று கண்டுபிடித்தார். கெட்டிக்காரர்தான். சம்பளம் கொடுக்க மட்டும் அவரிடம் ரூபிள் இல்லை. பாக்கிக்கு ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, "வித்துக்கோங்கப்பா, இனிமே எல்லாருமே வியாபாரிதான்" என்றார்.

வெறும் சவப்பெட்டி வீட்டில் கிடந்தால் ஆளைக் கூப்பிடும் என்பார்கள் அந்தப் பக்கத்தில். அதனால் யெஃபீமின் மனைவி கிளஃபீரா அதில் உருளைக்கிழங்கைக் கொட்டினாள். "வயித்தை ரொப்பிட்டேன், இனி யாரையும் கேக்காது" என்று சிரித்தாள். அந்த வாரமே அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தாள்; மருந்தை மட்டும் வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். பெட்டி விற்றால்தான் மருந்து. தெருவிலோ வீட்டுக்கு வீடு பெட்டி. காலையில் கண் விழித்ததும் யாராவது சாகமாட்டார்களா என்ற நினைப்பு வந்தது. யெஃபீமுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் பக்கத்துக் கிராமத்து டிராக்டர் டிரைவர் தீமஃபேய் வந்தான். அவனுடைய அம்மா இறந்திருந்தாள். கிழங்கைத் தரையில் கொட்டிவிட்டுக் காட்டினார்கள். அவன் முழம் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"நீளம் ஜாஸ்திண்ணே. எங்கம்மா குள்ளம். இடம் மிஞ்சுனா வீட்டுல இன்னொருத்தரைக் கேக்கும். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

தொழிற்சாலையில் எல்லாப் பெட்டியும் ஒரே அளவுதான். பெஞ்சு செய்த காலத்துப் பழக்கம் விடவில்லை. கிளஃபீரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"உங்கம்மா என் உசரம் இருப்பாங்களா தம்பி?"

"அதே உசரந்தாங்க்கா."

யெஃபீம் தடுப்பதற்குள் அவள் பெட்டிக்குள் இறங்கிப் படுத்துவிட்டாள். உச்சந்தலை தலைமாட்டுப் பலகையைத் தொட்டது. பாதம் கால்மாட்டுப் பலகையில் முட்டியது. யெஃபீம் தன் கையால் அடித்த பெட்டி அது. ஒரு சாண் மிஞ்சியாக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கால்விரலை நீட்டி ஏமாற்றுகிறாள், பலே கைகாரி என்று நினைத்துக்கொண்டான்.

"அட, கச்சிதமா இருக்கே!" என்று தீமஃபேய் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான்.

யெஃபீம் மூச்சிரைக்க ஓடி மருந்து வாங்கிவந்தான். நர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போனதும்தான் அவனுக்கு உயிர் வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சாவுக்கே பொய் அளவு காட்டிட்டியே, கைகாரி! காலை எப்படி அவ்வளவு நீட்டின?"

கிளஃபீரா சிரிக்கவில்லை.

"நான் நீட்டவே இல்லை, யெஃபீம். முட்டுனதும் பயந்துபோய்க் காலை உள்ள இழுத்தேன். பலகையும் கூடவே வந்துச்சு."