பாண்டீஸ்வரியின் பாதுகாவலர்

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் பாண்டீஸ்வரி வாசித்துக் காட்டியபோது, அவள் வீட்டுக்காரர் நல்லகாமன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வருகை குறைந்துவிட்டதால் பெற்றோரோ பாதுகாவலரோ வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துறைத்தலைவரை நேரில் வந்து பார்க்க வேண்டும், வராவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று அதில் இருந்தது.

“ஒங்கப்பாவுக்கு எங்கத்தா போறது? அவரு செத்தே ஏழு வருசமாச்சு.”

“அதான் நீங்க வாங்கங்கிறேன்.”

“நானா? நான் அஞ்சாங்கிளாசு. என்னைய நிக்கவச்சு என்ன கேப்பாக?”

“ஒண்ணும் கேக்க மாட்டாக. திட்டுவாக. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.”

பாண்டீஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்குதான். ஆனால் மார்க்குக்கு முந்தியே மாப்பிள்ளை வந்துவிட்டார். கீழக்குயில்குடிக்கு வாழ வந்தவள், மாடும் வயலுமாக இருந்து, ஒரே மகள் மீனாவை வளர்த்துக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணச் சந்தடி அடங்கின மூன்றாம் மாதம், பெட்டிக்கு அடியில் கிடந்த மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு, “சும்மா கேட்டுட்டு வாரேன்” என்று மதுரைக்குப் பஸ் ஏறினாள். வயதைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்ட ஒரு கல்லூரியில் வரலாறு படிக்க இடம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

நல்லகாமனுக்கு அன்றைக்குப் போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை. போ என்று சொல்ல வாயும் வரவில்லை. அப்படியே இரண்டு வருசம் ஓடப்போகிறது. காலையில் பால் கறந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு எட்டு இருபது பஸ்ஸைப் பிடிப்பாள். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்புவாள்.

வெள்ளிக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டு அவளோடு கிளம்பியதை டீக்கடையில் இருந்த சுருளி பார்த்துவிட்டார்.

“என்ன மாப்ள, பொண்ணு பாக்கவா?”

“காலேஜுல வரச் சொன்னாக.”

“மார்க்குக் கொறஞ்சிருச்சா? வீட்டுல சேட்டை பண்ணுதா? கண்டிச்சு வை மாப்ள, செல்லம் குடுத்துக் கெடுத்துப்புட்ட!”

கடையே சிரித்தது. பாண்டீஸ்வரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நல்லகாமனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருக்கு உள்ளே ஒரு முள் இருந்தது.

துறை வாசலில் ஏழெட்டு அப்பாக்களும் அம்மாக்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூடப் படிக்கும் பவதாரிணி என்ற பிள்ளை ஓடிவந்து பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா, இவுகதான் மாமாவா? அந்தா எங்கப்பா உக்காந்திருக்காரு. மாமா, நீங்களும் பக்கத்துல உக்காருங்க. சேந்து திட்டு வாங்கலாம்.”

துறைத்தலைவர் தமிழ்வாணிக்குப் பாண்டீஸ்வரி வயதுதான் இருக்கும். இவர்கள் முறை வந்து உள்ளே போய் உட்கார்ந்ததும், பதிவேட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

“பிள்ளைய காலேஜுல சேத்துவிட்டாப் போதுமா? வீட்டுல என்ன பண்ணுதுன்னு பெத்தவங்க பாக்க வேணாமா?” என்றவர் நிமிர்ந்தார். நல்லகாமன் சொன்னபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். “நீங்க… பாண்டீஸ்வரிக்கு?”

“வீட்டுக்காரரு மேடம்” என்றாள் பாண்டீஸ்வரி.

“சரி. இந்தப் பத்து நாள் உங்களுக்கு அம்மைன்னு எழுதியிருக்காங்க. ஒத்துக்கிறேன். பங்குனியில ஒம்பது நாள் எங்க போனாங்க?”

பாண்டீஸ்வரி எழுந்து பதில் சொன்னாள். “ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு மேடம். நான் முளைப்பாரி போட்டிருந்தேன். காப்புக் கட்டினா எல்லை தாண்டக்கூடாது.”

தமிழ்வாணி பேனாவை மூடினார். “நானும் உசிலம்பட்டிப் பக்கந்தாம்மா. காப்புக் கட்டினா வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. பகல்ல போயிட்டுப் பொழுதடைய வந்துறலாம். நானே அப்படித்தான் வந்து பாடம் எடுத்தேன். சாமி பேரைச் சொல்லி மட்டம் போட்டா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? அடுத்த வருசம் எழுதிக்கங்க.”

“எங்க வீட்டுல அப்படித்தான்…” என்று தொடங்கிய பாண்டீஸ்வரி நிறுத்திக்கொண்டாள். அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

தலையை ஆட்டினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தாள். நல்லகாமனால் ஆட்ட முடியவில்லை. பூவும் மஞ்சளுமாக அம்மன் நேரே நின்று பார்ப்பது போல் இருந்தது. எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“மேடம், அவ பொய் சொல்லல. எல்லை தாண்டக்கூடாதுன்னு சொன்னது நான். எங்க ஊருலயும் நீங்க சொன்ன வழக்கந்தான். அவ இந்த வருசந்தான் மொதமொதல்ல முளைப்பாரி போட்டா, அதான் நம்பிட்டா.”

“அப்ப ஏன் போக வேணாம்னீங்க?”

“மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. மத்தியானம் வயக்காட்டுலருந்து வந்தா வீடு வெறிச்சுன்னு கெடக்கும் மேடம். அம்மை போட்டிருந்த பத்து நாளும் எங்கூடவே இருந்தா. தலைக்குத் தண்ணி ஊத்துன மறுநாளே பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. இன்னொரு ஒம்பது நாளு இருக்கட்டுமேன்னு அம்மன் பேரைச் சொல்லிட்டேன். அவளுக்கு இது தெரியாது. தப்பு எம்மேலதான்.”

பாண்டீஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“அந்த ஒம்பது நாளும் படிச்சாங்களா?” என்று தமிழ்வாணி கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“படிச்சா மேடம். வாசல்ல நிக்கிற அந்தப் பிள்ளை பாடத்தைப் போன்ல அனுப்பும். இவ முளைப்பாரிக்குத் தண்ணி தெளிச்சுட்டு உக்காந்து சத்தமா வாசிப்பா. எனக்கே பாதி தெரியும். எங்க மலையில, பேச்சிப்பள்ளத்துல, வரிசையா சமணர் செலை இருக்கு பாருங்க. அதுக்குக் கீழ இருக்கிற எழுத்தை நாங்க ஏதோ கீறல்னு நெனச்சு, அதுல சாஞ்சுக்கிட்டுச் சீட்டு வெளையாண்டிருக்கோம். அம்புட்டும் அந்தச் செலைகளச் செய்யச் சொன்னவுக பேராமே! அதுல ஒரு முனிவரோட தாயாரு கூட இருக்காகளாம். இவ வாசிச்சுத்தான் தெரியும். இந்த வயசுல படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு நானும் கேட்டவன்தான் மேடம். இப்ப அந்தப் பக்கம் போனா செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடக்குறேன்.”

தமிழ்வாணி ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “இப்பச் சொன்ன காரணத்தை உங்க கையால எழுதுங்க. பாண்டீஸ்வரி, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது.”

முப்பது வருசத்துக்குப் பிறகு அவர் எழுதிய முதல் கடிதம் அது. ஒவ்வொரு எழுத்தாக நட்டு நட்டு எழுதினார். என் மனைவி லீவு போட்டதற்கு நானே காரணம், இனிமேல் அம்மன் மேல் சத்தியமாக ஒழுங்காக அனுப்பி வைப்பேன் என்று முடித்தார்.

வாசித்த தமிழ்வாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மறுபடியும் அம்மனை ஏங்க இழுக்குறீங்க? அதை அடிச்சிட்டு, உங்க பொறுப்புல எழுதுங்க.”

அடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். கீழே தமிழ்வாணியும் போட்டார்.

வெளியே வந்து விறுவிறுவென்று முன்னால் நடந்த பாண்டீஸ்வரி வேப்பமரத்தடியில் நின்றாள்.

“அம்மனுக்கு மாவிளக்கு எடுத்து மன்னிப்புக் கேக்குறேன்த்தா” என்றார் அவர்.

“அம்மன்கிட்ட அப்புறம் கேளுங்க. வீட்டுல இருன்னு எங்கிட்டக் கேட்டா என்ன?”

“கேட்டா இருந்திருப்பியா?”

அவள் யோசித்தாள். “ஒரு நா இருந்திருப்பேன்” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். மணி அடித்ததும் பவதாரிணியும் வந்து சேர, பாண்டீஸ்வரி கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை மூன்று பேருமாக மரத்தடியிலேயே பங்கு வைத்துச் சாப்பிட்டார்கள். மத்தியானச் சோறு அவருக்கு வெகு நாளைக்குப் பிறகு ருசித்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் நல்ல மழை. பாண்டீஸ்வரி போர்வையை இழுத்துக்கொண்டு, “இன்னைக்கு ஒரு நா போகலைங்க, காலெல்லாம் வலிக்குது” என்றாள்.

“அதெல்லாம் ஆகாது. எழுதிக் குடுத்திருக்கேன்ல? எந்திரி. பாலும் கறந்தாச்சு, சோறும் ஆக்கியாச்சு.”

எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பு மேடையில் இரண்டு டிபன் பாக்ஸ்கள் மூடி வைக்கப்பட்டிருந்தன.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு எனக்கு. ஒங்களுக்குப் பன்னெண்டரைக்குத்தான மணி அடிக்கும்? நானும் வயக்காட்டுல அந்நேரத்துக்குப் பிரிச்சுக்கிறேன்” என்றபடி குடையை விரித்து அவள் கையில் கொடுத்தார்.