தாராவிக் கூரையில் விழுந்த கல்

விசாலம் இறந்துபோய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவரைக் கேட்டால், தனக்கு யாரோ அனுப்பினார்கள் என்றார். மாட்டுங்காவில் இருக்கும் விசாலத்தின் மகளைக் கூப்பிட்டுக் கேட்டு, உண்மைதான் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

செம்பூரில், குடிதண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. வேறு கிரகத்தில் உயிரின் தடயம் என்று பேப்பரில் வந்தால் நான் துள்ளுவேன். அவர் முகம் சுருங்கும். "அங்க போன மிஷினோட நம்மூர்க் கிருமியும் போயிருக்காதுன்னு என்ன நிச்சயம்? மொதல்ல நம்ம கையைச் சந்தேகப்படணும்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஆறுமுகம் வந்தார். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததென்று ஒரு கறுப்புக் கல்லை மேசைமேல் வைத்தார். அதன் துளைகளுக்குள் பச்சையாக ஏதோ இருந்தது.

"மேல இருந்து வந்த உசுரும்மா" என்றார். அக்கம்பக்கத்தார் அதற்கு மாலை போடத் தொடங்கியிருந்தார்கள்.

விசாலம் சில நாள் அந்தக் கல்லோடு கிடந்தார். பச்சை, நம் சுவர்களில் படரும் பாசி. கல், இரும்பு உருக்கும்போது கழியும் கசடு. தார்ப்பாய் பறக்காமலிருக்க யாரோ கூரைமேல் வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஆறுமுகத்தின் முகம் இறுகியது.

"நெசமாச் சொல்லுங்க. என் கல்லை மாத்திட்டியளா?"

எனக்குக் கோபம் வந்தது. விசாலமோ அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதைத்தான் கேக்கணும். உங்க கல்லுதானான்னு நன்னாப் பாருங்கோ. எங்க வெட்டணும்னும் நீங்களே சொல்லுங்கோ."

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கேயே வெட்டி, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார் விசாலம். எங்கள் பின்சுவர்ப் பாசியையும் சுரண்டி வந்து பக்கத்தில் வைத்தார். ஆறுமுகம் வெகுநேரம் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்போ மேல உசுரே இல்லையாம்மா?"

"இந்தக் கல்லுல இல்லேன்னுதான் சொன்னேன்."

அன்று மாலை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கேட்டேன்: "நீங்க எதையுமே நம்ப மாட்டீங்களா?"

"கல்லைப் பார்த்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. மேலேருந்து வந்ததாவே இருக்கணும்னு வேண்டிண்டேன். அதனாலதான் மறுநாள் என்னை நானே நம்பலை" என்றார்.

விசாலத்தை அறிந்த எங்களில் பலர் அவரை நம்பிக்கையில்லாதவர் என்றோம். அவர் வேண்டிக்கொண்டது எனக்கு மட்டும் தெரியும். அந்த வேண்டுதலை நான் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.