காற்று நுழையாத இடம்

ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் இருக்கிற கோணேஸ்வரியின் கடைசித் தம்பிதான் மாமாங்கம். மட்டக்களப்புக் கடற்கரையில் பிறந்தவன். அவர்களுக்கு மூத்தவர் பூபாலன். தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தோடு போனவர், புயலில் அகப்பட்டுத் திரும்பவேயில்லை. நினைவுக்கென்று ஒரு கல்கூட எங்கும் இல்லை.

போன கோடையில் வடதுருவப் பக்கம் கடல் அளக்கப் போன கப்பலில் மாமாங்கத்துக்குக் குசினியில் சமையல் வேலை. ஒருநாள் கப்பல் மலைகளுக்கு நடுவே புகுந்தது. கடல் அங்கே நிலத்தைப் பிளந்துகொண்டு நீளத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் கறுப்புப் பாறை. உச்சியைக் காணக் கழுத்து நொந்தது. மேலே தெரிகிற அளவு மலை தண்ணீருக்குள்ளும் இறங்குது என்றார்கள் ஆழம் அளக்கிறவர்கள். அகப்பையோடு நின்றவனுக்கு உள்ளங்கால் கூசியது.

அந்தக் கடற்கழிக்கு வரைபடத்தில் யாரோ ஒரு இங்கிலாந்துத் துரையின் பேர். பக்கத்தில் பிரிந்த சின்னக் கிளைக்குப் பேரில்லை.

"உன்ர கறிக்குப் பரிசு. ஒரு பேர் சொல்லு, எழுதி அனுப்புவம்," என்றார் கப்பல் தலைவர்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டான். "அண்ணன்ர பேரை வைக்கப் போறன்."

"மெய்தானோடா? வரைபடத்திலயோ?"

தாளை எடுத்துக் குந்தினான். சீமோன் எட்டிப் பார்த்தான். அந்தப் பகுதிப் பூர்வகுடியான இனுவிட் வேட்டைக்காரன், கப்பலுக்கு வழிகாட்டி.

"என்ன குசினியார், எங்கட வீட்டுக்கு நீர் பேர் வைக்கிறீரோ?"

"வரைபடத்தில வெறுமையாக் கிடக்குதே?"

"வரைபடத்திலதான்." சிரித்துவிட்டுத் தங்கள் பாஷையில் ஒரு பேரைச் சொன்னான். காற்று நுழையாத இடம் என்று கருத்தாம். "வெளியில புயல் அடிச்சா என்ர தகப்பன், பாட்டன் எல்லாரும் இந்தப் பேரை நினைச்சுத்தான் வள்ளத்தைத் திருப்பித் தப்பினவை."

மாமாங்கம் வெளியே பார்த்தான். பெரிய கழியில் நுரை பறந்தது. சின்னக் கிளைக்குள்ளே தண்ணீர் அசையவேயில்லை. மலை முழுசும் தலைகீழாக அதில் நின்றது. ஊரில் தங்கள் குறிச்சியின் பெயர்ப்பலகையில் ஒரு விடியக்காலம் பழைய பேரை அழித்து வேறு பேர் எழுதியிருக்க, தகப்பன் கல்லெடுத்து எறிந்தது நினைவுக்கு வந்தது. சீமோனைச் சொல்லச் சொல்லி, அந்தப் பேரையே எழுத்துக் கூட்டித் தாளில் எழுதினான்.

ரொறன்ரோ வந்து நேரே அக்கா வீடு. கதவைத் திறக்கும்போதே கேட்டாள்: "எழுதினியோ?"

"இல்லை அக்கா." நடந்ததைச் சொன்னான்.

கோணேஸ்வரி அவன் பையை வாங்கி உள்ளே வைத்தாள். "அப்பிடியொரு இடம் தெரிஞ்சிருந்தா அண்ணன் திரும்பி வந்திருப்பார், என்ன?"

"ஓம்."

"அப்ப மாத்தாம விட்டது நல்லது. ஆரோ ஒருத்தியின்ர அண்ணனாவது வந்து சேரட்டும்."