திருக்கைக்கு அஞ்சிய கால்கள்

பட்டிமன்றங்களில் ஆவி உண்டென்று வாதிடும் அணியில் நான் ஒருநாளும் அமர்ந்ததில்லை. இல்லை என்ற அணிக்கே தலைமை தாங்கினேன், வென்றும் இருக்கிறேன். ஆகவே உங்கள் முகத்தில் எழும் ஐயம் எனக்குப் புதிதல்ல. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கூர்மையாகக் கேட்டிருப்பேன்.

சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பூநாரை பார்க்க ஒருகாலத்தில் பேருந்து பேருந்தாகச் சனம் வந்ததாம். போர்க்காலத்தில் நான் கண்டதோ பார்வையாளருக்காகக் கட்டிய கூரையற்ற மேடையையும், கடலோரக் களப்பின் ஆழமற்ற நீரில் பறவைகளையும், வலைகாரரையுமே. என் அண்ணன் அங்கே வலை வீசியவர். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனின் வால்முள்ளை மிதிக்காதிருக்க, வலைகாரர் காலைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்தே நடப்பர். அண்ணனுக்கு அது தரையிலும் போகாத பழக்கம். செருப்புத் தேய்கிறதென்று அண்ணி கேலி செய்வார். முற்றத்திலும் திருக்கை கிடக்கலாம், ஆர் கண்டது என்பார் அண்ணன்.

ஒரு மாரியில் வலையோடு போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, வலையும் கிடைக்கவில்லை. பிறகு ஷெல் வீச்சு நெருங்க, ஊரே கிளம்பியது. அண்ணி மட்டும் அசையவில்லை. அவர் வந்தால் எங்களை எங்கே தேடுவார் என்ற ஒரே கேள்வியின் முன் நான் கற்ற பேச்செல்லாம் தோற்றது. ஈற்றில், களப்பை ஒருமுறை பார்த்துவிட்டு என்னோடு கிளம்புவதாக ஒப்புக்கொண்டார்.

பிற்பகல் வெயிலில் அந்த மேடையருகே நின்றோம். கரைவரை பூநாரைகள் மேய்ந்தன. திடீரென நடுவிலிருந்தவை இருபுறமும் ஒதுங்கின. முதலையென்றால் பறந்திருக்கும், பழகிய வலைகாரனுக்குத்தான் அவை நடந்து வழிவிடும். ஓர் ஆள் வரும் அகலம், உள்ளே ஆளில்லை. நம்புவதும் தள்ளுவதும் உங்கள் உரிமை. அந்த வழி எங்களை நோக்கி நீண்டு வந்து, நீர் முடிந்த இடத்தில் ஈரச் சேற்றில் இரண்டு கோடுகளாயிற்று. இழுத்த கால்களின் கோடுகள். அவை அண்ணியின் முன்னால் நின்றன.

அண்ணி அழவில்லை. “சாப்பிட்டனீங்களோ?” என்று வெற்றிடத்தைக் கேட்டார். பின் என்னிடம் திரும்பி, “தம்பி, கொண்ணர் வந்திட்டார். இனிப் போவம்” என்றார்.

வட்டக்கச்சியில் அண்ணியின் தாய்வீட்டுக்குப் போனோம். அங்கே கடலில்லை, வயலும் வாய்க்காலுமே. காற்று, கண்மயக்கம், துயரத்தின் தோற்றம் என்று வழி நெடுகிலும் எனக்கு நானே வாதம் அடுக்கிக்கொண்டேன். மறுநாட் காலை அண்ணி முற்றம் கூட்டினார். வாசற் படலையிலிருந்து வீட்டுப் படியை நோக்கி ஓர் ஒடுங்கிய கீற்றை மட்டும் விட்டுவிட்டு இருபுறமும் கூட்டினார். குனிந்து பார்த்தேன். காய்ந்த மணலில் ஈரமான இரண்டு கோடுகள்.

இன்றும் அப்படித்தான். அண்ணி பொட்டை அழிக்கவில்லை. அண்ணனுக்கென்று போடும் சோறு அந்திவரை காய்ந்து, நாய்க்குப் போகிறது. கோடுகள் ஒருநாளும் படியைத் தொட்டதில்லை. ஒரு முழம் முன்னரே நின்றுவிடுகின்றன. கூட்டி முடித்த அண்ணி விளக்குமாற்றோடு என்னைப் பார்ப்பார்.

“இவ்வளவு தூரம் வாறவர், ஏன் தம்பி உள்ளுக்கு வாறாரில்லை?”

நான் படியைப் பார்க்கிறேன். அதில் ஏறக் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.