விரல் தூக்கினது வண்டிக்கா, மெரிட்டுக்கா?

மெரிட் ஷூப் அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கினது மே மாசம். அன்னிலேர்ந்து அவன் திருதிருன்னு முழிச்ச முழியைப் பார்த்து எனக்கே பாவமாப் போச்சு. இத்தனைக்கும் நான் சுலபத்துல பாவப்படுற ஆள் இல்ல. முப்பத்தோரு வருஷமா இந்த நெப்ராஸ்கா ஊர்ல தீவனக் கடை நடத்துறேன். மாட்டுத் தீவனம், முள்கம்பி, கோழிக்குஞ்சு எல்லாம் காசுக்கு. வம்பு மட்டும் இலவசம்.

மெரிட் ஒமாஹா பட்டணத்துல தபால் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு வாங்கினவன். பொண்டாட்டி லொரேனுக்கு இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சு, நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் வந்தாங்க. வந்த மூணாம் நாளே பாதி ஊரோட ரத்தக்கொதிப்பு லொரேனுக்கு அத்துப்படி. இவனோ வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி. காபிக் கடை நீள மேஜையில யாரும் இவனை உட்காருன்னு சொல்லல, இவனும் உட்காரல. ஆனா ஊர் மட்டும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "இங்க வானம் பெருசா இருக்கு வெர்னா"ன்னு ஒரு தடவை என்கிட்ட சொன்னான். நாலு வருஷத்துல அவன் பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

லொரேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, இந்த வசந்தத்துல கறாரா சொல்லிட்டா. "நாலு வருஷமா உன்கூடப் பேச நான் ஒருத்திதான். எனக்கு வாய் வலிக்குது. பனி விழறதுக்குள்ள இந்த ஊர்ல ஒரே ஒருத்தர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், இங்கயே இருப்போம். இல்லன்னா ஒமாஹாவுக்கே போயிடலாம்."

"வெர்னா கூப்பிடுறாங்களே"ன்னிருக்கான்.

"கடைக்காரியைக் கணக்குல சேர்க்காத. காசு குடுத்தா யாரு வேணா பேர் சொல்லுவாங்க."

இதை அவனே வந்து என்கிட்ட ஒப்பிச்சான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா பொய்யுன்னும் சொல்ல முடியல.

அந்தச் சமயத்துலதான் ஹார்லன் ப்ரூன் பண்ணையைக் குத்தகைக்கு விட்டுட்டு அரிசோனாவுல மக வீட்டுக்குக் கிளம்பினான். அறுபத்து நாலாம் வருஷத்து செவர்லே பிக்கப்பை விக்கப்போறதா என் கடைச் சுவர்ல சீட்டு ஒட்டினான். கடல்பச்சை நிறம், ஒரு கதவு மட்டும் வெள்ளை. அசல் கதவைப் பன்னி முட்டி நசுக்கிடுச்சு. மூணு ஜில்லாவுக்கும் தெரிஞ்ச வண்டி. மெரிட் அந்தச் சீட்டை மூணு நாள் வந்து வந்து படிச்சான். நாலாம் நாள் நானே சீட்டைக் கிழிச்சு அவன் கையில திணிச்சு, "போப்பா, வாங்கு"ன்னேன்.

ஹார்லன் அவன்கிட்ட, "பார்த்தது பார்த்தபடி. பெடலை ரெண்டு தடவை மிதி. ஏழு எண்ணு. சாவியைத் திருப்பு. எட்டு எண்ணினியோ, கோவிச்சுக்கும். கிளம்பலன்னா எனக்குப் போன் போடு"ன்னு நம்பர் எழுதிக் குடுத்தான்.

மறுநாளே ஆரம்பிச்சது கூத்து. எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தா ஸ்டியரிங்கை விடாம ரெண்டு விரல் தூக்குறது எங்க வழக்கம். மெரிட்டோட சாம்பல் காருக்கு யாரும் சுண்டு விரலைக்கூடத் தூக்கினதில்ல. பிக்கப்புல போனா ஊரே தூக்குது. பக்கத்துல வந்து முகத்தைப் பார்த்ததும் அந்த விரல் பாதியிலேயே மடங்கிப் போகுது. "யாருக்குத்தான் தூக்குறாங்க வெர்னா? நான் பதிலுக்குத் தூக்கணுமா, கூடாதா?"ன்னு கேட்டான்.

அப்புறம் பிக்கப்போட திறந்த பின்தொட்டியில சாமான் விழ ஆரம்பிச்சது. ஒரு நாள் இழுவைச் சங்கிலி. ஒரு நாள் பாட்டில் பாட்டிலா பீட்ரூட் ஊறுகாய். இன்னொரு நாள் அட்டைப்பெட்டியில அஞ்சு பூனைக்குட்டி. ஒவ்வொண்ணையும் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வருவான். "வெர்னா, இது யாரோடது?"

"சங்கிலி ஹார்லன் இரவல் குடுத்தது, திரும்பி வந்திருக்கு. ஊறுகாய் அவன் கதிர் அறுத்துக் குடுத்ததுக்கு நன்றி. பூனைக்குட்டி யாரோடதும் இல்ல. இனிமே உன்னோடது."

"ஹார்லன் போனது எல்லாருக்கும் தெரியுமே!"

"மூளைக்குத் தெரியும்ப்பா. கைக்குத் தெரிய நாளாகும்."

சிரிக்கவும் தெரியாம அழவும் தெரியாம நின்னான். நாலு வருஷமா ஏங்கினது தினமும் கிடைக்குது. ஆனா எல்லாம் வேற ஒருத்தன் விலாசத்துக்கு வந்த தபால். தபால்காரனுக்கு இதைவிட வேற என்ன கொடுமை வேணும்?

ஆகஸ்ட் கடைசியில ஒரு மத்தியானம் முகமெல்லாம் வெளுத்து ஓடி வந்தான். "வெர்னா, ஒருத்தனோட மன்னிப்பைத் திருடிட்டேன்!"

எங்க ஊர் ஆம்பளைங்க முக்கியமான விஷயத்தை முகம் பார்த்துப் பேச மாட்டாங்க. பிக்கப் தொட்டி விளிம்புல முழங்கையை ஊனி, உள்ள எதுவோ செத்துக் கிடக்கிற மாதிரி குனிஞ்சு பார்த்துக்கிட்டே பேசுவாங்க. தபாலாபீஸ் வாசல்ல மெரிட் தொட்டியில சாக்கைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கான். எதிர்ப்பக்கம் ஆல்வின் குச்செரா வந்து சாஞ்சிருக்கான். ஆல்வின் யாருன்னா, ஹார்லனோட செத்துப்போன பொண்டாட்டியோட தம்பி, கண்புரை விழுந்த கிழவன். அவனுக்கும் ஹார்லனுக்கும் ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. ஆல்வினோட பாசனப் பம்ப்பை ஹார்லன் இரவல் வாங்கிக் கெடுத்துட்டான்னு ஆல்வின் சர்ச் விருந்துல எல்லார் முன்னாடியும் கத்தினது எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு.

தொப்பியை இறக்கி விட்டுக்கிட்டு ஆல்வின் தொட்டியைப் பார்த்துச் சொன்னானாம்: "அந்தப் பம்ப்பு விஷயம். குளிர்காலத்துல தண்ணியை வடிக்காம உறைய விட்டு வெடிக்க வச்சது நான்தான். தெரிஞ்சேதான் பழி போட்டேன். அக்கா சாகுறப்பகூட வாயைத் திறக்கல. தப்புதான்."

"நீ என்ன சொன்ன?"ன்னேன்.

"'ம்'னேன். நான் ஹார்லன் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. அவர் விளிம்புல ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டார். இப்ப நான் என்ன செய்ய?"

"உரியவனுக்குச் சேர்ப்பி. முப்பது வருஷம் நீ செஞ்ச வேலைதானே?"

என் கடைப் போன்லேர்ந்தே அரிசோனாவுக்குப் போட்டான். நான் வெக்கமில்லாம காதை ஒட்டி வச்சுக் கேட்டேன். மெரிட் விஷயத்தைச் சொன்னான். அப்புறம் ஹார்லன் கேட்டான், "எந்தப் பக்கம் சாஞ்சு நின்னான்?"

"வெள்ளைக் கதவுப் பக்கம்."

"அவன் எப்பவும் அங்கதான் நிப்பான். நீ என்ன சொன்ன?"

"'ம்'னேன்."

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." போனை வச்சுட்டான்.

மெரிட்டுக்கு அதோட மனசு ஆறல. ஏமாத்திட்டோமேன்னு உறுத்தல். மறுவாரம் ஆல்வின் பண்ணைக்கே போய் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னிருக்கான். "ஐயா, அன்னைக்கு உங்க எதிர்ல நின்னது ஹார்லன் இல்ல. நான்தான்."

ஆல்வின் பன்னிக்குத் தீனி கொட்டுறதை நிறுத்தவே இல்லையாம். "தெரியும்யா. புரை கண்ணுலதான், மண்டையில இல்ல. ஹார்லன் எதிர்ல நின்னா எனக்கு வார்த்தை வருமா? ஒன்பது வருஷமா வரலையே. நான் போன் போட்டா எடுக்கவும் மாட்டான். வண்டி வாங்கினவன் போட்டா எடுப்பான்."

"என்கிட்ட எப்படி நம்பிச் சொன்னீங்க?"

"நீ யார்கிட்டயும் பேசாதவனாச்சே. உன்னை விட்டா இந்த ஊர்ல எவன்கிட்ட சொல்றது? அந்த வெர்னாகிட்டயா?"

இதையும் மெரிட் அப்படியே வந்து ஒப்பிச்சான், மடையன். "கிழவனுக்கு வாய்க்கொழுப்பைப் பாரு!"ன்னு பொரிஞ்சு தள்ளினேன். அவன் காதுல அது ஏறவே இல்ல. "அப்ப என்கிட்டதான் பேசினாரா வெர்னா? வண்டிகிட்ட இல்லையா?"ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தான்.

ஞாயித்துக்கிழமை ஹார்லன் ஆல்வினுக்குப் போன் போட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். என்ன பேசினாங்கன்னு எனக்கே தெரியாதுன்னா பார்த்துக்கோங்க.

செவ்வாய்க்கிழமை காலையில மெரிட் கடைக்குள்ள வந்தான். தோள்ல ஒரு சாக்கு நிறைய இனிப்புச் சோளக்கதிர். தொட்டியில கிடந்ததாம். வழக்கம்போல மேஜை மேல இறக்கி, வழக்கம்போலக் கேட்டான். "வெர்னா, இது யாரோடது?"

நான் சாக்கைத் திருப்பினேன். தச்சன் பென்சில்ல, கோணல்மாணலா, கொட்டை கொட்டையா எழுதியிருந்தது. ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. ஆல்வின் கைதான், குச்செரா குடும்பத்துல எவனுக்கும் எழுத்து ஒழுங்கா வராது.

"ஏம்ப்பா, தபால் பிரிச்சவன்தானே நீ? படி."

படிச்சான். விரலை வச்சு மறுபடி படிச்சான். "மெரிட்"னு தன் பேரையே யாரோ அந்நியன் பேர் மாதிரி மெதுவா சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான், அதே திருதிரு முழி. "கூப்பிடணும்னுதானே லொரேன் சொன்னா? எழுதினா கணக்குல சேருமா வெர்னா?"

"சேரும்டா மடையா! சேராதுன்னு சொன்னா நானே ஆஸ்பத்திரிக்கு வந்து அவகூடச் சண்டை போடுறேன்"னு கத்தினேன்.

சாக்கைக் கவுத்தான். கதிரெல்லாம் உருண்டு ஓடுச்சு. காலிச் சாக்கைப் பேர் வெளிய தெரியற மாதிரி மடிச்சு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெளிய ஓடினான். ஏழு வரைக்கும் எண்ணுறதுக்குக்கூட அவனுக்குப் பொறுமை இல்ல, வண்டி ரெண்டு தடவை இருமி நின்னுட்டு மூணாவதுலதான் கிளம்புச்சு. சோளத்தை என் மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டான்.